போகப்போகச் சரியாகிவிடுமா?

பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகளை வரிசையாகவே சொல்லிவிடலாம். சுகப்பிரசவமா, ஆபரேஷனா? என்ன பிள்ளை? எத்தனை கிலோ? யார் ஜாடை? பால் இருக்கா? இதில் தாய்க்கு இப்போது உடம்பு எப்படி என்பதைத் தொடுவது கடைசிக் கேள்வி ஒன்றுதான். அதுவும் பிள்ளைக்காகக் கேட்பது. "தும்மினா ஒண்ணுக்குக் கசியுதா? எழுந்து உட்காரும்போது நடுவயிறு புடைக்குதா? புரண்டு படுத்தா இடுப்பெலும்பு வலிக்குதா?" என்று யாரும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. எப்போதாவது அம்மாவிடம் வாய்விட்டால், "பிள்ளை பெத்த உடம்புடி, போகப்போகச் சரியாயிடும்" என்று பதில் வரும்.

நான் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இயன்முறை சிகிச்சை செய்கிறவள். ஊரில் எனக்கு 'கரண்ட் வைக்கிற அம்மா' என்று பெயர். முழங்கால் வலிக்கும் கழுத்து வலிக்கும் கருவி வைப்பதையே பார்த்துப் பழகியவர்கள், "மாசமா இருக்கிற பொண்ணுக்கு பிசியோதெரபியா? கைக்குழந்தைக்கா?" என்று ஆச்சரியப்படுவார்கள். எனக்கு அவர்கள்மேல் வருத்தமில்லை. 'போகப்போகச் சரியாயிடும்' என்பதும் பொய்யில்லை. உடம்பு பலவற்றைத் தானே சரிசெய்துகொள்ளும். சிலவற்றைச் செய்யாது. அவற்றில் காத்திருக்கக் காத்திருக்க வேலை கூடும். எது எந்தப் பக்கம் என்று பிரித்துச் சொல்வதுதான் என் தொழிலில் பாதி.

வயிறு வளரும் மாதங்கள்

கர்ப்ப காலத்தில் ஒரு பெண்ணின் எடை பத்துப் பன்னிரண்டு கிலோ கூடுகிறது. கூடுவதில் பெரும்பகுதி முன்பக்கம். அதைச் சமாளிக்க இடுப்பு முன்னால் வளைகிறது, தோள் பின்னால் போகிறது. அதே சமயம் ஹார்மோன்கள் மூட்டுகளைக் கட்டிப்பிடித்திருக்கும் தசைநார்களைத் தளர்த்துகின்றன. பிள்ளை வெளியே வர வழி வேண்டுமே! இந்தத் தளர்ச்சியால் சிலருக்கு முன்பக்க இடுப்பெலும்பு சேரும் இடத்திலோ, பின்னால் புட்டத்துக்கு மேலேயோ கடுமையான வலி வரும். ஒற்றைக் காலில் எடை விழும்போதுதான் வலி உச்சத்துக்குப் போகும். டவுன் பஸ் படியில் ஏறும்போது, நின்றபடி உள்பாவாடைக்குள் காலை விடும்போது, கட்டிலில் புரளும்போது.

இந்த வலியைப் பொறுத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. உட்கார்ந்து உடை மாற்றுவது, முழங்கால்கள் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு புரள்வது, படியில் ஒவ்வொரு படியாகக் கால் சேர்த்து ஏறுவது, தேவைப்பட்டால் இடுப்புக்குக் கீழே ஒரு பட்டை கட்டுவது, புட்டத் தசைகளுக்குச் சில பயிற்சிகள். இவ்வளவிலேயே பலருக்கு வலி பாதியாகக் குறைந்துவிடும். "பிரசவம் ஆனா போயிடும்" என்று ஐந்தாம் மாதத்திலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கோபம் வரும்.

நடக்கலாமா, கூடாதா என்பது அடுத்த குழப்பம். பாட்டி "குனிஞ்சு வீட்டைப் பெருக்கு, சுகப்பிரசவம் ஆகும்" என்பார். மாமியார் "அசையாதே, தங்கணுமில்ல" என்பார். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது. வேறு சிக்கல் இல்லாத கர்ப்பிணிகளும், பிரசவம் ஆனவர்களும் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும். மிதம் என்றால் என்ன? நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் அளவு. நாளுக்கு அரை மணி நேரம் வீதம் வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் கணக்கு சரியாகிவிடும். அரை மணியை மூன்றாகப் பிரித்துச் சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பத்து நிமிடமாக நடப்பதும் நல்லதே. கர்ப்ப கால சர்க்கரை இருப்பவர்களுக்கு அது இன்னும் நல்லது. நம் நாட்டில் கர்ப்பிணிகளுக்குச் சர்க்கரைப் பரிசோதனை பரவலாக ஆனதில் சென்னை டாக்டர் வி. சேஷையாவின் பங்கு பெரியது. அவர் பிறந்தநாளான மார்ச் 10தான் கர்ப்ப கால நீரிழிவு விழிப்புணர்வு நாள்.

குனிந்து பெருக்குவதால் சுகப்பிரசவம் உறுதி என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அசையாமல் கிடப்பது யாருக்கும் நல்லதில்லை. நஞ்சுக்கொடி கீழே இருப்பதாகவோ, கருப்பை வாயில் தையல் போட்டிருப்பதாகவோ, ரத்த அழுத்தம் அதிகமென்றோ மருத்துவர் சொல்லியிருந்தால் மட்டும் கணக்கே வேறு. அவரைக் கேட்காமல் எதையும் தொடங்கக் கூடாது. மற்றவர்களும் உதிரப்போக்கு, நீர்க்கசிவு, நெஞ்சுவலி, தலைசுற்றல், விட்டுவிட்டு வரும் வலி, பிள்ளையின் அசைவு குறைவது, ஒரு கால் கெண்டை மட்டும் வீங்கி வலிப்பது இவற்றில் எது தெரிந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கடைசி மூன்று மாதம் மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பது நல்லது. மல்லாந்தால் வயிற்றின் பாரம், கீழ் உடம்பிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய சிரையின் மேல் விழும். ஒருக்களிக்கும்போது இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒரு தலையணை. புதிதாக வாங்க வேண்டாம், பழைய புடவையை மடித்து வைத்தாலே போதும்.

யாரும் பேசாத தசை

இடுப்பெலும்புக் கூட்டின் அடியில், முன்னெலும்பிலிருந்து வால் எலும்பு வரைக்கும் தூளி கட்டியது போல ஒரு தசைத்தொகுதி இருக்கிறது. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது அதுதான். இருமும்போது, தும்மும்போது, குடத்தைத் தூக்கும்போது சட்டென்று இறுகி வழியை அடைப்பதும் அதுதான். சுகப்பிரசவத்தில் அந்தத் தசையின் ஒரு பகுதி இயல்பான நீளத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் இழுபடுகிறது என்று கணினியில் உருவாக்கிப் பார்த்த ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். உடம்பின் வேறெந்தத் தசையை அப்படி இழுத்தாலும் அறுந்துபோகும். இது பெரும்பாலும் மீண்டுவிடும். மீளாதபோது கசிவு வருகிறது. இன்னும் சிலருக்கு 'அடி இறங்கின மாதிரி' ஒரு பாரம்.

பிரசவமான பெண்களில் மூன்றில் ஒருவருக்குச் சிறுநீர்க் கசிவு இருக்கிறது. ஆபரேஷன் செய்தவர்களும் இதில் அடக்கம். ஒன்பது மாதம் பாரம் சுமந்தது அவர்கள் தசையும்தானே. பரவலாக வருவதாலேயே இது பொறுத்துக்கொள்ள வேண்டியதாக ஆகிவிட்டது. எங்கள் பக்கம் பட்டுத் தறி அதிகம். தறி நெய்யும் பெண் ஒருத்தி முதுகுவலி என்று வந்தாள். வேலை நேரத்தில் தண்ணீரே குடிப்பதில்லை என்றாள். ஏன் என்று கேட்டேன். சுற்றிவளைத்துக் கடைசியில் சொன்னாள்: "மிதிக்க மிதிக்கக் கசியுது மேடம். பட்டுல பட்டுட்டா கூலியில பிடிப்பாங்க." மூத்த பையன் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அவ்வளவு காலமாக இந்தக் கசிவோடே இருந்திருக்கிறாள். கூடவந்த மாமியார், "எனக்கும் உண்டு. இதுக்கெல்லாம் வைத்தியம் இருக்காம்மா?" என்று என்னையே கேட்டார்.

இருக்கிறது. அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கீகல் 1948இலேயே இந்தத் தசைக்கான பயிற்சியை எழுதி வெளியிட்டார். இன்றும் கசிவுக்கு முதல் சிகிச்சை அதுதான். மாத்திரையும் அறுவையும் அதற்கு அப்புறம்.

செய்வது எப்படி? மூச்சை இயல்பாக விட்டபடி, சபையில் வாயு பிரியாமல் அடக்குவது போலவும், அதே நேரத்தில் சிறுநீரை அடக்குவது போலவும் உள்ளே இறுக்கி மேலே தூக்க வேண்டும். சில விநாடி பிடித்து, முழுதாகத் தளர்த்த வேண்டும். பிடிக்கும் நேரத்தை மெல்ல மெல்லப் பத்து விநாடி வரை கூட்டலாம். ஒரு வேளைக்கு 8 முறை, நாளுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம். இதோடு சட்சட்டென்று இறுக்கி விடும் வேகப் பயிற்சியும் கொஞ்சம். தும்மல் வரும்போதும் குழந்தையைத் தூக்கும்போதும் முன்கூட்டியே இறுக்கிக்கொள்ளப் பழகினால் பாதிக் கசிவு அப்போதே நின்றுவிடும்.

தப்பாகச் செய்கிறவர்கள் மூன்று வகை. மூச்சைப் பிடித்துக்கொண்டு வயிற்றை எக்குகிறவர்கள். தொடையையும் புட்டத்தையும் இறுக்கிவிட்டுச் செய்ததாக நினைக்கிறவர்கள். மேலே தூக்குவதற்குப் பதில் முக்கிக் கீழே தள்ளுகிறவர்கள். மூன்றாவது வகை பலனைத் தராததோடு கெடுதலும் செய்யும். சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பார்ப்பது தசையைக் கண்டுபிடிக்க ஒரு வழி. அதையே தினசரிப் பயிற்சியாக்கக் கூடாது, சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் போகும். சிலருக்கு இந்தத் தசை ஏற்கெனவே விறைத்துப்போய், தாம்பத்தியத்தின்போது வலி கொடுக்கும். அவர்களுக்கு இறுக்கும் பயிற்சி வேண்டாம், தளர்த்தும் பயிற்சிதான் வேண்டும். அதனால்தான் ஒருமுறையாவது தெரிந்தவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளச் சொல்கிறேன். தறிக்காரப் பெண் மூன்று மாதம் விடாமல் செய்தாள். இப்போது அவள் தறிக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டில் இருக்கிறது.

இன்னொன்று, தண்ணீர். பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாது என்று குறைத்துக் கொடுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் அதிகம். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல், மலச்சிக்கல் வந்தால் முக்கல், முக்க முக்க அந்தத் தசை மேலும் தளரும். செலவு மருந்து கொடுங்கள், பூண்டுக் குழம்பு கொடுங்கள், தண்ணீரை மட்டும் தடுக்காதீர்கள்.

வேட்டி கட்டிய வயிறு

வயிற்றின் நடுவில் மேலிருந்து கீழாக இரண்டு பட்டைத் தசைகள் ஓடுகின்றன. கர்ப்பம் வளர வளர இரண்டும் விலகி, நடுவில் இணைக்கும் நார்ப்பட்டை அகலமாகிறது. நிறைமாதத்தில் கிட்டத்தட்ட எல்லாப் பெண்களுக்கும் இது உண்டு. பிரசவத்துக்குப் பிறகு முதல் சில வாரங்களில் விலகல் வேகமாகக் குறையும், அப்புறம் மெல்லக் குறையும். இது தானாகச் சரியாகும் பட்டியலில் பெரும்பாலும் சேரும். சேராதவர்களுக்கு, படுத்திருந்து எழும்போது நடுவயிற்றில் கூரை முகடு போல் ஒரு மேடு தெரியும். மல்லாந்து முழங்காலை மடக்கிப் படுத்து, தலையை மட்டும் லேசாகத் தூக்கி, தொப்புளுக்கு மேலும் கீழும் விரல் வைத்துப் பார்த்தால் இடைவெளி தெரியும். இரண்டு விரலுக்கு மேல் இருந்தாலோ, விரல் ஆழமாக அமுங்கினாலோ காட்டுவது நல்லது.

இங்கே நம் வீடுகளில் வேட்டி வருகிறது. பழைய பருத்தி வேட்டியையோ புடவையையோ கிழித்து இறுகக் கட்டிவிட்டால் வயிறு உள்ளே போய்விடும் என்ற நம்பிக்கை. கட்டக் கூடாது என்று நான் சொல்வதில்லை. முதல் வாரங்களில் அது ஆதரவாக இருக்கும். ஆபரேஷன் ஆனவர்களுக்கு எழுந்து நடக்கத் தைரியம் கொடுக்கும். ஆனால் துணி தசையை வளர்க்காது. மூச்சு முட்டுகிற அளவுக்கு இறுக்கினால் வயிற்றின் அழுத்தம் கீழே இறங்கி, ஏற்கெனவே தளர்ந்திருக்கும் அடித்தசையின் மேல் விழும். கீழிருந்து மேலாக, இரண்டு விரல் நுழைகிற அளவுக்குக் கட்டினால் போதும். படுக்கும்போது அவிழ்த்துவிட வேண்டும்.

இன்றைய தலைமுறைக்கு வேறு அவசரம். கைப்பேசியில் யாரோ செய்வதைப் பார்த்து, நாற்பதாம் நாளே படுத்து எழும் பயிற்சியில் இறங்கிவிடுகிறார்கள். நடுவயிறு புடைக்கும் எந்தப் பயிற்சியும் அந்தக் கட்டத்தில் வேண்டாம். மூச்சை வெளியே விட்டபடி அடிவயிற்றை மெல்ல உள்ளே இழுப்பது, படுத்தபடி குதிகாலைச் சறுக்கி நீட்டி மடக்குவது, இடுப்பை மட்டும் தூக்கி இறக்குவது எனத் தொடங்கி மெல்லக் கூட்ட வேண்டும்.

ஆபரேஷன் ஆனவர்களுக்கு

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் அறுவை சிகிச்சை மூலம் நடந்தவை. நாடு முழுவதற்குமான சராசரி 21.5. இங்குள்ள தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் 63.8. இது சரியா தவறா என்பது மகப்பேறு மருத்துவர்கள் பேச வேண்டியது. எனக்கு அதிலிருந்து தெரிவது, கிட்டத்தட்ட இரண்டில் ஒரு தாய் வயிற்றில் பெரிய அறுவையோடு வீட்டுக்குப் போகிறாள் என்பதுதான். முழங்கால் மாற்று அறுவை செய்தவருக்குப் படுக்கைக்கே பிசியோ வருகிறார். வயிற்றில் பல அடுக்கு வெட்டித் தைத்தவளுக்கு, கையில் பிள்ளையைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

அவள் தெரிந்துகொள்ள வேண்டியது அதிகமில்லை. முதல் நாளே படுத்தபடி பாதங்களை மேலும் கீழும் அசைக்க வேண்டும்; காலில் ரத்தம் உறையாமல் இருக்க அது உதவும். மருத்துவர் சொன்னதும் எழுந்து நடக்க வேண்டும். எழும்போது நேராக எழக் கூடாது. முழங்காலை மடக்கி, ஒருபக்கமாக உருண்டு, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். இருமும்போதும் சிரிக்கும்போதும் தையலின் மேல் ஒரு தலையணையை அணைத்துப் பிடிக்க வேண்டும். முதல் ஆறு வாரம் பிள்ளையைவிடக் கனமான எதையும் தூக்க வேண்டாம். தண்ணீர்க் குடமும் சிலிண்டரும் வீட்டு ஆண்கள் பொறுப்பு. தழும்பு நன்றாக ஆறியபின் விரலால் மெல்ல நகர்த்தி நீவிவிடக் கற்றுக்கொடுப்போம். அடியில் ஒட்டிக்கொண்ட தழும்பு, வெகுநாள் கழித்தும் இழுக்கும்.

"முதுகுல ஊசி போட்டதுலேர்ந்து வலி மேடம்." இதைக் கேட்காத வாரம் எனக்கு இல்லை. மயக்க ஊசி குத்திய இடம் சில நாள் வலிக்கலாம். மாதக்கணக்கில் நீடிக்கும் முதுகுவலிக்கும் அந்த ஊசிக்கும் தொடர்பில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் அதே வலி வருகிறதே! தளர்ந்த வயிற்றுத் தசை, இரவெல்லாம் கூனிக் குறுகி உட்கார்ந்து பால் கொடுப்பது, தரையிலிருந்து குனிந்து பிள்ளையைத் தூக்குவது இவைதான் காரணம். ஊசியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தால் செய்வதற்கு எதுவும் இல்லை. காரணத்தைப் பார்த்தால் செய்ய நிறைய இருக்கிறது. சுவரில் சாய்ந்து, மடியில் தலையணை வைத்து, பிள்ளையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும். மார்பைப் பிள்ளைக்குக் கொண்டுபோகக் கூடாது. கட்டைவிரலை விரித்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கித் தூக்கி மணிக்கட்டு வலிக்கும் தாய்மார்களும் உண்டு. புட்டத்துக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து அள்ளித் தூக்கினால் அந்த வலி தணியும்.

கைக்குழந்தைக்கு என்ன பயிற்சி?

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையை உற்றுப் பார்த்தவர்கள். செங்கீரைப் பருவத்தை ஐந்தாம் மாதம் என்றார்கள்: ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, இரண்டு கைகளையும் நிலத்தில் ஊன்றி, தலை நிமிர்த்தி ஆடுவது. நாங்கள் பாடப்புத்தகத்தில் படித்த நிலை அதேதான். ஒன்பதாம் மாதம் உட்கார்ந்து கைகொட்டும் சப்பாணி. பதின்மூன்றாம் மாதம் நடந்துவரச் சொல்லும் வருகை. குமரகுருபரரின் மீனாட்சியம்மைக்கும் இந்தக் கணக்குத்தான்.

உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தது. பிடிமானமின்றி உட்கார்வது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதத்துக்குள், தனியாக நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதத்துக்குள். இயல்பான குழந்தைகளுக்கே இவ்வளவு அகலமான இடைவெளி! "எதிர்வீட்டுப் பாப்பா பத்து மாசத்துல நடந்துட்டா" என்று உங்கள் பதினோரு மாதக் குழந்தையைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். அந்த ஆய்வுக் குழந்தைகளில் நூற்றுக்கு நான்கு பேர் கைமுட்டி போட்டுத் தவழவே இல்லை. நேராக எழுந்து நடந்துவிட்டார்கள். இதெல்லாம் போகப்போகச் சரியாகும் பக்கம்.

ஆரோக்கியமான குழந்தைக்கு உட்காரவும் நிற்கவும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. தரையைக் கொடுத்தால் போதும். ஒரு வயதுக்குள் இன்னும் தவழாத குழந்தைகள் விழித்திருக்கும்போது நாளுக்குக் குறைந்தது 30 நிமிடம், விட்டுவிட்டு, குப்புறக் கிடக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. தூங்கும்போது மல்லாந்துதான். பிறந்த முதல் வாரங்களில் தாயின் மார்பின்மேல் குப்புறப் படுப்பதே பயிற்சி. அப்புறம் பாய் விரித்து, முகத்துக்கு எதிரே அக்காவையோ அண்ணனையோ படுக்கவைத்தால் தலை தானாக நிமிரும்.

தூளியை விட்டுவிடச் சொல்கிறீர்களா என்று கேட்பார்கள். தூளியே வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. விழித்த பிறகும் அழாமல் இருக்கட்டும் என்று அதிலேயே ஆட்டிக்கொண்டிருந்தால் கழுத்துக்கும் தோளுக்கும் வேலை எங்கே? இடுப்பில் கால் அகட்டி உட்காரவைத்துத் தூக்கும் நம் வழக்கம் இடுப்பு மூட்டு நன்றாக அமைய உதவும். காலை நேராக நீட்டித் துணியால் இறுகச் சுற்றுவது அதே மூட்டுக்குக் கெடுதல். கால் நீட்டி உட்கார்ந்து, அதில் கிடத்தி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் பாட்டியின் கைகளை நான் மதிக்கிறேன். மூக்கில் எண்ணெய் விடுவதையும், வாயால் ஊதிச் சளி எடுப்பதையும் மட்டும் விட்டுவிட வேண்டும். எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் ஆபத்து.

சக்கரம் வைத்து நடுவில் உட்காரவைக்கும் வாக்கரைச் சீதனத்தோடு வாங்கி அனுப்புகிறார்கள். குழந்தை அதில் நுனிக்காலால் தள்ளிக்கொண்டு போகுமே தவிர, நிற்கவோ சமன் செய்யவோ கற்பதில்லை. நடப்பது தாமதமாகத்தான் ஆகும். படியில் உருண்டு விழுந்த விபத்துகளைப் பார்த்துக் கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்தது. நம் பழைய மர நடைவண்டி வேறு. தானாக நிற்கத் தெரிந்த குழந்தைதான் அதைப் பிடித்துத் தள்ள முடியும்.

காத்திருக்கக் கூடாதவை

இனி வருபவற்றில் 'அவங்க அப்பாவும் லேட்டாத்தான் நடந்தாரு' என்ற பேச்சுக்கு இடமில்லை.

நான்கு மாதம் முடிந்தும் கழுத்து நிற்கவில்லை. பத்து மாதமாகியும் உட்காரவில்லை. பதினெட்டு மாதமாகியும் தனியாக நடக்கவில்லை. துணிபோலத் துவள்கிறது, அல்லது உடை மாற்ற முடியாதபடி கால் விறைத்துக் கத்தரிபோல் குறுக்கே போகிறது. நான்கு மாதத்துக்குப் பிறகும் கை எப்போதும் மூடியே இருக்கிறது. ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்துகிறது. இந்தக் கடைசி அறிகுறியைப் பலர் 'இடதுகைப் பழக்கம்' என்று சிரித்து விட்டுவிடுகிறார்கள். அந்த வயதில் கைப்பழக்கம் வராது. மற்றக் கை ஏன் வேலை செய்யவில்லை என்றுதான் பார்க்க வேண்டும். தெரிந்த வித்தை ஒன்றைக் குழந்தை மறந்துவிட்டால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

எப்போதும் தலையை ஒரே பக்கம் சாய்த்து, முகவாயை எதிர்ப்பக்கம் திருப்பியிருக்கும் பிள்ளைகளுக்குக் கழுத்தின் ஒரு தசை சுருங்கியிருக்கும். முதல் ஓரிரு மாதத்தில் வந்தால் நீவி நீட்டும் பயிற்சியிலும், பால் கொடுக்கும் பக்கத்தை மாற்றுவதிலுமே பெரும்பாலும் சரியாகிவிடும். அரை வருஷம் கழித்து வந்தால் அதே வேலைக்கு மாதக்கணக்காகும்; தலையின் ஒருபக்கமும் தட்டையாகியிருக்கும். பாதம் உள்வளைந்து பிறக்கும் குழந்தைகளுக்கு, அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் டாக்டர் இக்னாசியோ பொன்செட்டி உருவாக்கிய முறை இருக்கிறது. வாரம் ஒரு மாவுக்கட்டு போட்டுப் பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவார்கள். பிறந்த சில வாரங்களில் தொடங்கினால் பெரிய அறுவையே இல்லாமல் கால் நேராகிவிடும். நிமிர்ந்த பிறகும் நான்கைந்து வயது வரை இரவில் அதற்கான செருப்பைப் போட வேண்டும். அதை நிறுத்துகிறவர்கள்தான் மறுபடி வருகிறார்கள்.

குறைமாதக் குழந்தைக்கு வயதைக் கழித்துப் பார்க்க வேண்டும். 32 வாரத்தில் பிறந்தது என்றால் 8 வாரம் முன்னதாக வந்திருக்கிறது. காலண்டரில் ஆறு மாதமானால், வளர்ச்சிக் கணக்கில் அதற்கு நான்கு மாதம்தான். இரண்டு வயது வரை இந்தக் கழித்தல் உண்டு. இது தெரியாமல் நடுங்கிப்போகிறவர்களும் இருக்கிறார்கள்; 'குறைமாசம்தானே' என்று எல்லாவற்றையும் அதன்மேல் போட்டுக் காலம் கடத்துகிறவர்களும் இருக்கிறார்கள்.

எங்கே போவது?

2013இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் அரசு மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன. 'டிஇஐசி எங்கே?' என்று கேட்டால் வழி சொல்வார்கள். குழந்தை மருத்துவர், இயன்முறை சிகிச்சையாளர், பேச்சுப் பயிற்சியாளர் எல்லோரும் ஒரே இடத்தில் இலவசமாகப் பார்ப்பார்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வட்டார அளவில் இயன்முறை சிகிச்சையாளர் உண்டு. பெரும்பாலும் முதியவர்களும் பக்கவாதம் வந்தவர்களுமே அவரைத் தேடுகிறார்கள். பிள்ளை பெற்றவளும் தேடலாம்.

பிரான்ஸில் பிரசவமான பெண்ணுக்கு அடித்தசைப் பயிற்சி எழுதிக்கொடுப்பது வழக்கம். செலவை அரசுக் காப்பீடு ஏற்கிறது. நம் அரசு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் உதவி தருகிறது. ஊட்டச்சத்துப் பெட்டியும் அதில் அடக்கம். 2017 சட்டத்திருத்தம் நிறுவனங்களில் வேலை செய்யும் பெண்ணுக்கு 26 வாரம் விடுப்பும் தந்திருக்கிறது. தறிக்கும் நடவுக்கும் போகிறவளுக்கு அந்த விடுப்பு இல்லை. குனிந்து நாற்று நட இரண்டாம் மாதமே போகிறவளுக்குத்தான் மற்ற எல்லோரையும்விட இந்தப் பயிற்சிகள் அவசியம். பணம் ஆகாத சிகிச்சை என்பதால், அவளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் கடினமில்லை.

அதற்கு ஒரு நாள் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. ஆறாம் வாரம் குழந்தைக்குத் தடுப்பூசி போடக் கிட்டத்தட்ட எல்லாத் தாய்மாரும் வருகிறார்கள். தாய் சேய் நல அட்டையில் குழந்தையின் எடை ஏறுகிறது, ஊசி ஏறுகிறது. அன்றைக்கே நர்ஸம்மாவிடம் தாய் நான்கு விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும்: கசிவு உண்டா, அடியில் பாரம் உண்டா, நடுவயிறு புடைக்கிறதா, எங்காவது வலி நீடிக்கிறதா. பத்தாம் வாரமும் பதினான்காம் வாரமும் மறுபடி வரத்தான் போகிறாள். குறைந்ததா என்று அப்போது பார்த்துக்கொள்ளலாம். அவளுக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தால் கூட வரும் அம்மாவோ அத்தையோ கேட்கட்டும். தனக்கும் இருந்தால், அதையும் சேர்த்தே கேட்கட்டும்.